பல்லுக்குக் கம்பி: இரண்டு வருசத்துக்குப் பின்னால் முந்நூறு வருசம்

கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எந்த டியூஷன் வகுப்புக்குப் போனாலும் இப்போது ஒருத்தராவது பல்லுக்குக் கிளிப் போட்டிருப்பார். அவரைச் சுற்றி நின்று நாங்கள் கேட்கிற கேள்விகள் எப்போதும் ஒன்றுதான். நோகுமா? எவ்வளவு காலம்? நல்ல பல்லை ஏன் புடுங்குறாங்க? கழட்டினாப் பிறகு திரும்பவும் கோணிப் போகுமா? வீட்டில் மூத்தும்மா கேட்பது வேறு கேள்வி: "அல்லாஹ் தந்த பல்லை மாத்தலாமா மகள்?"

இதில் ஒன்றும் புதுக் கேள்வி இல்லை. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருத்தர் எங்கேயோ பல வருசம் மினக்கெட்டு விடை தேடியிருக்கிறார். சிலர் பிழையான விடையைக் கண்டுபிடித்து, அதை அவருடைய மாணவரே வந்து திருத்தியும் இருக்கிறார். கம்பி கட்டப் போகிற ஒருத்தருக்கு வரப்போகும் இரண்டு வருசத்தில் என்னென்ன நடக்கும் என்பதை இந்த வரலாற்றை வைத்தே சொல்லிவிடலாம். அதைத்தான் இங்கே செய்யப் பார்க்கிறோம். எங்கட ஊர்களில் பல பிள்ளைகள் கலியாணத் திகதியை வைத்துக்கொண்டு இந்த வைத்தியத்தைத் தொடங்குகிறார்கள். அது ஏன் சரிவராது என்பதற்கும் இந்த வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது.

விரலால் தள்ளிய காலம்

எகிப்து மம்மிகளுக்கே கிளிப் போட்டிருந்தார்கள் என்று ஒரு கதை சுற்றித் திரிகிறது. அதை நம்ப வேண்டாம். பழைய கல்லறைகளில் கிடைத்த பொன் கம்பிகளும் பட்டிகளும், குறிப்பாக இத்தாலியின் எட்ருஸ்கர்கள் செய்தவை, ஆடுகிற பல்லையோ, விழுந்த பல்லுக்குப் பதிலாக வைத்த பல்லையோ பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டுவதற்கானவை. கோணல் பல்லை நேராக்குகிற வேலை அவற்றுக்கு இல்லை.

நேராக்குவதைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்று கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமில் எழுதிய செல்சஸ் என்பவருடையது. பால்பல் விழாமல் நிற்க, புதுப்பல் பக்கத்தில் முளைத்தால் பால்பல்லைப் பிடுங்கிவிட்டு, புதுப்பல்லை ஒவ்வொரு நாளும் விரலால் அதன் இடத்துக்குத் தள்ளச் சொல்கிறார். சின்ன விசை, நெடுகத் தந்தால் பல் நகரும் என்பது அப்போதே கண்ணில் பட்டிருக்கிறது. ஏன் நகர்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபாவுக்குப் பக்கத்தில் வாழ்ந்த அல்-ஸஹ்ராவி (936–1013) 30 பகுதிகளில் 'கிதாபுத் தஸ்ரீஃப்' என்ற மருத்துவ நூலை எழுதினார். அதன் கடைசிப் பகுதி சத்திர சிகிச்சை. பல்லில் படிந்த கறையைச் சுரண்டும் கருவிகளைப் படம் போட்டுக் காட்டுகிறார். இடம் மாறி முளைத்த பல்லைப் பிடுங்குவது அல்லது அராவுவது எப்படி என்றும், ஆடுகிற பல்லைக் கம்பியால் கட்டுவது எப்படி என்றும் எழுதுகிறார். வெள்ளிக் கம்பி நாள்படக் கெட்டுவிடும், பொன் கெடாது என்பதால் பொன்தான் நல்லது என்பது அவருடைய அனுபவம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போன அந்தப் பகுதியை ஐரோப்பா பல நூற்றாண்டுகள் படித்தது.

மூத்தும்மாவின் கேள்வி

அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இப்னு மஸ்ஊத் (ரழி) வழியாக வருகிறது. மூத்தும்மா சொல்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது. இன்னொரு பக்கம், போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) வெள்ளியில் மூக்கு வைத்து அது நாற்றமெடுத்தபோது, பொன்னில் வைத்துக்கொள்ள நபியவர்கள் சொன்ன செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. பல்லைப் பொன்னால் கட்டுவது பற்றி உலமாக்கள் பேசும்போது இந்தச் செய்தியைத்தான் எடுப்பார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான், குறையை நீக்குவது வேறு, குறை இல்லாத இடத்தில் அழகுக்காக மாற்றுவது வேறு என்று பிற்கால அறிஞர்கள் பலர் பிரித்தார்கள். கடிக்க முடியாமல், கதைக்கக் கஷ்டப்பட்டு, வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற நிலையில் இருக்கிற பிள்ளைக்குக் கம்பி கட்டுவதை அவர்கள் முதல் வகையில் வைக்கிறார்கள். வுழூ பற்றியும் சிலர் பயப்படுகிறார்கள். எங்கட ஊர்களில் பின்பற்றுகிற ஷாபிஈ மத்ஹபில் வாய் கொப்பளிப்பது வுழூவிலும் கடமையான குளிப்பிலும் சுன்னத். ஆகவே கம்பிக்குக் கீழே தண்ணீர் போகவில்லை என்று தடுமாறத் தேவையில்லை. மிச்சச் சந்தேகங்களை ஊர் மௌலவியிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பரிசில் இருந்து சென் லூயிஸ் வரை

1728இல் பரிசில் பியர் ஃபோஷார் என்ற பல் வைத்தியர் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். லாட வடிவில் வளைத்த உலோகப் பட்டியைப் பல்வரிசையோடு வைத்து, ஒவ்வொரு பல்லையும் நூலால் அதோடு இழுத்துக் கட்டும் முறை அதில் இருக்கிறது. இன்றைக்கு நாங்கள் போடுகிற கம்பியின் மூத்த வாப்பா அந்தப் பட்டிதான். முந்நூறு வருசக் கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது.

அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆளுக்கொரு கருவி. எது சரியான கடி, எது பிழை என்று பொதுவான அளவு யாரிடமும் இருக்கவில்லை. அந்த அளவைத் தந்தவர் அமெரிக்கரான எட்வர்ட் ஏங்கிள் (1855–1930). ஆறு வயதில் முளைக்கிற முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லை அடையாளமாக வைத்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை 1899இல் மூன்று வகுப்பாகப் பிரித்தார். கடைவாய் சரியாக இருந்து முன்னால் நெருக்கடி என்றால் முதலாம் வகுப்பு. கீழ்வரிசை பின்னுக்கு நின்றால் இரண்டாம் வகுப்பு. மேல்பல் மிதந்து தெரிபவர்கள் பெரும்பாலும் இதில் வருவார்கள். கீழ்வரிசை முன்னுக்கு வந்தால் மூன்றாம் வகுப்பு. இன்றைக்கும் முதல் நாள் வைத்தியர் கன்னத்தை விலக்கிக் கடைவாயைப் பார்த்து "கிளாஸ் டூ" என்று எழுதுவது இந்தக் கணக்குத்தான். 1900இல் சென் லூயிஸ் நகரில் இதற்கென்றே ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கினார்.

ஏங்கிளின் கதையில் எங்களுக்கு முக்கியமாகப் பட்ட இடம் இன்னொன்று. பல் நேரானால் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர் முதலில் எடுத்த மாதிரி, வத்திக்கானில் இருக்கிற அப்பொல்லோ சிலை. ஒரு கிரேக்கத் தெய்வத்தின் பக்கவாட்டு முகம். எட்மண்ட் வூர்பெல் என்ற ஓவிய ஆசிரியர்தான், எல்லா முகத்துக்கும் ஒரே அளவு கிடையாது, ஒவ்வொரு முகத்துக்கும் அதனதன் ஒழுங்கு இருக்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொன்னார். ஜப்பானில் வேட்டைப்பல் கொஞ்சம் வெளியே நிற்பதை அழகு என்கிறார்கள். எங்கட பக்கத்திலும் தெத்துப்பல் வடிவு என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். "பல்லு சரியில்ல" என்று யாராவது சொன்னால், எந்த அளவை வைத்துச் சொல்கிறார் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

1989இல் இங்கிலாந்தில் உருவான ஓர் அளவுகோல் இந்த இரண்டையும் பிரித்தே வைத்தது. பல்லின் ஆரோக்கியத்துக்கு 5 படி, பார்வைக்குத் தனியாக 10 படங்கள். முரசுக்குள் புதைந்து கிடக்கிற வேட்டைப்பல், தவறிக் கடித்து முரசைக் காயப்படுத்தும் பல், விழுந்தால் உடைந்துபோகிற அளவுக்கு மிதந்து நிற்கும் முன்பல் என்பவை முதல் பக்கம். கொஞ்சம் திரும்பி நிற்கிற ஒரு பல் இரண்டாம் பக்கம். இரண்டுக்கும் வைத்தியம் செய்யலாம். எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்வதுதான் முக்கியம்.

ஏன் நோகிறது, ஏன் இவ்வளவு காலம்

பல்லைக் கம்பி இழுத்துக்கொண்டு போகிறது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். 1904இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் நாயின் பல்லில் கருவி பூட்டி, பிறகு அந்தத் தாடையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். பல் அழுத்துகிற பக்கத்தில் எலும்பு கரைந்திருந்தது. விட்டுப்போன பக்கத்தில் புது எலும்பு வளர்ந்திருந்தது. பல்வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீற்றர் கூட இல்லாத மெல்லிய தசைநார்ப் படை இருக்கிறது. அழுத்தம் அங்கே பட, ஒரு பக்கத்தில் எலும்பைத் தின்னும் கலங்களும் மறுபக்கத்தில் எலும்பைக் கட்டும் கலங்களும் வேலைக்கு வருகின்றன. பல் நகர்வது உடம்பு செய்கிற கட்டட வேலை. கம்பி அதற்கு ஓடர் கொடுக்கிற ஆள் மட்டும்தான்.

கூட இறுக்கினால் கெதியாக முடியுமா? அதற்கும் அவருடைய ஆராய்ச்சியிலேயே விடை இருந்தது. விசை அளவுக்கு மீறினால் அந்தப் படையில் இரத்த ஓட்டம் நின்று அந்த இடம் செத்துப்போகிறது. பல் நகராமல் நிற்கிறது. மயிரிழைக் குழாய்களின் இரத்த அழுத்தத்தைத் தாண்டாத விசைதான் நல்லது என்று 1932இல் ஷ்வார்ஸ் எழுதினார். மாசத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் என்பதுதான் உடம்பு ஒத்துக்கொள்ளும் வேகம். ஒரு பல் பிடுங்கின இடைவெளி 7 மில்லிமீற்றர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் பல்லை வரிசைக்குக் கொண்டுவரவும், கடைசியில் கடியைப் பொருத்தவும் தனியாக மாசங்கள் வேண்டும். அதனால்தான் 18 மாசம், 24 மாசம், சிலருக்கு அதற்கும் மேல்.

நோவும் இதே கதைதான். கம்பி மாட்டிச் சில மணித்தியாலத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமைக்குள் அடங்கிவிடும். அந்த நாட்களில் கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு. தாங்க முடியாவிட்டால் வைத்தியர் சொன்ன அளவில் பரசிட்டமோல். ஒவ்வொரு முறை கம்பியை மாற்றும்போதும் கொஞ்சம் நோகும். முதல் தடவை மாதிரி இருக்காது.

நல்ல பல்லை ஏன் புடுங்குறாங்க?

இதற்காகப் பல் வைத்தியர்கள் பெரிய சண்டையே போட்டிருக்கிறார்கள். படைத்த பல் எல்லாமே வாயில் இருக்க வேண்டும், தாடையை விரித்து இடம் பண்ணினால் போதும் என்பது ஏங்கிளின் பிடிவாதம். 1911இல் அமெரிக்காவில் கால்வின் கேஸ் என்பவர், சில முகங்களுக்குப் பல் எடுத்தே ஆக வேண்டும் என்று வாதாட, ஏங்கிளின் பக்கம் நின்று மார்ட்டின் டூயி எதிர்வாதம் வைத்தார். அந்தக் காலத்தில் ஏங்கிளின் பக்கமே வென்றது.

பிறகு அந்தச் சுவரை உடைத்தவர் ஏங்கிளின் கடைசிக் கால மாணவர் சார்ள்ஸ் ட்வீட். பல் எடுக்காமல் தான் வைத்தியம் பார்த்தவர்களைச் சில வருசம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தார். பலருக்குப் பல் திரும்பக் கோணியிருந்தது, வாய் முன்னுக்குத் தள்ளியிருந்தது. அவர்களுக்கு நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து, காசு வாங்காமல் மறுபடி வைத்தியம் செய்து, இரண்டு விளைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1940இல் காட்டினார். அவுஸ்திரேலியாவில் ஏங்கிளின் இன்னொரு மாணவர் ரேமண்ட் பெக் பழங்குடி மக்களின் மண்டையோடுகளைப் பார்த்துவிட்டு வேறு காரணம் சொன்னார்: மணலும் நாரும் கலந்த உணவைச் சாப்பிட்டவர்களின் பல் பக்கங்களில் தேய்ந்து, தானாகவே இடம் வந்திருக்கிறது, மெத்தென்ற சாப்பாட்டுக்கு வந்த எங்களுக்கு அந்தத் தேய்மானம் இல்லை.

இன்றைக்கு இரண்டு பக்கமும் முழுதாக வெல்லவில்லை. எக்ஸ்ரே, அச்சு, முகத்தின் படம் எல்லாம் எடுத்துக் கணக்குப் பார்த்துத்தான் எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்கிறார்கள். தலையை அசையாமல் பிடித்துப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரேயும் 1931இல் ப்ரோட்பெண்ட் அமைத்த முறையில் இருந்து வந்ததுதான். "டொக்டர் நாலு பல்லு எடுக்கணும் எண்டாரு" என்று பயந்து வீட்டுக்கு ஓடிவருவதை விட, ஏன் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கதிரையில் இருந்தே கேட்கலாம். காரணம் சொல்வது வைத்தியரின் வேலை.

பொன்னில் இருந்து பசைக்கு

ஏங்கிள் காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம், பெரும்பாலும் பொன் சேர்ந்த கலவை. பிறகு துருப்பிடிக்காத உருக்கு வந்து விலையைக் குறைத்தது. 1955இல் மைக்கல் புவனகோர், அமிலத்தால் பல் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பசை நன்றாகப் பிடிக்கும் என்று காட்டினார். அதனால்தான் இப்போது சின்ன பிராக்கெட்டுகளைத் துளை போடாமல், ஊசி போடாமல் ஒட்டுகிறார்கள். ஒட்டுகிற வேலை ஒன்றிரண்டு மணித்தியாலம். வாயைத் திறந்து வைத்திருப்பதுதான் கஷ்டம். முதல் மாசங்களில் போடுகிற மெல்லிய கம்பி நிக்கல்-டைட்டேனியம். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் பிறந்த உலோகம். வளைத்தாலும் தன் வடிவத்துக்குத் திரும்பும். 1970களில் ஜோர்ஜ் அன்ட்ரியசன் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். 1997இல் தொடங்கிய அலைன் டெக்னோலஜி என்ற கம்பனி, கழற்றி மாட்டும் தெளிவான பிளாஸ்டிக் தட்டுகளைக் கொண்டுவந்தது. எதைப் போட்டாலும் எலும்பின் வேகம் அதே வேகம்தான்.

போட்ட பிறகு 4 முதல் 8 கிழமைக்கு ஒருக்கா போக வேண்டும். கச்சான், முறுக்கு, கரும்பு, ஐஸ்கட்டி, எலும்பு கடிப்பது எல்லாம் பிராக்கெட்டைக் கழற்றிவிடும். தொதலும் டொஃபியும் ஒட்டிக்கொண்டு போகாது. மாங்காய், கொய்யாவைச் சின்னதாக வெட்டிக் கடைவாயால் சாப்பிடலாம். கன்னத்தில் உரசிப் புண் வந்தால் மெழுகு வைத்து, உப்புத் தண்ணியால் கொப்பளிக்கலாம். பல் துலக்குவதில் விட்டால் கம்பி கழற்றும் நாளில் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். அவை முழுதாகப் போவதில்லை. சொத்தையும் முரசு நோயும் இருந்தால் அவற்றை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் கம்பிக்குப் போக வேண்டும்.

எங்கட கரைக்கு வந்த கதை

இலங்கையில் பல் வைத்தியத்துக்குப் பட்டப்படிப்பு 1940களில் கொழும்பில் தொடங்கி, 1950களில் பேராதனைக்குப் போனது. அதன் பிறகு நெடுங்காலம் நாடு முழுவதுக்கும் அந்த ஒரே பீடம்தான். பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் தாதிமாருக்கு மஹரகமையில் பயிற்சிக் கல்லூரி அமைக்கக் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவியது. அதற்கும் முன்னால், ஊர் ஊராகப் பல் கட்டிக் கொடுத்தவர்களில் சீனாவில் இருந்து வந்து குடியேறியவர்களுக்கு இந்த நாட்டில் தனிப் பெயர் இருந்தது. எங்கட பெரியவர்கள் சிலரின் வாயில் தெரிகிற பொன்பல்லும் கட்டுப்பல்லும் அந்தக் காலத்து நினைவுகள்.

கம்பி கட்டுவது வேறு மாதிரி வைத்தியம். பல் பிடுங்க ஒரு நாள் போதும்; இதற்கு இரண்டு வருசம் மாசா மாசம் போய்வர வேண்டும். கல்முனையில் இருந்து மஹா ஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை தாண்டி வளைவு வளைவாக மலை ஏறிப் பேராதனைக்குப் போகிற பாதையை நினைத்துப் பாருங்கள். யுத்தம் நடந்த காலத்தில், நாளைக்குப் பாதை திறந்திருக்குமா என்று தெரியாமல் யார் 24 மாச வைத்தியத்தைத் தொடங்கியிருப்பார்? 2004 டிசம்பர் 26க்குப் பிறகு மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வீட்டையும் ஆட்களையும் இழந்த குடும்பங்களுக்குப் பல்வரிசை ஒரு கவலையாக இருந்திருக்காது. எங்கட உம்மா, வாப்பா தலைமுறையில் கம்பி போட்டவர்களைத் தேட வேண்டியிருப்பதற்கு அக்கறையின்மை காரணம் இல்லை. மாசா மாசம் நிச்சயமாகப் போய்வரக்கூடிய ஒரு வாழ்க்கை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்களுக்கு அது கிடைத்திருக்கிறது. அதை எதற்குப் பாவிக்கிறோம் என்பதில்தான் வருத்தம். பெண் பார்க்க வருகிறவர்கள் பல்லைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டுப் போக, "ஆறு மாசத்துக்குள்ள சரிபண்ணித் தாங்க" என்று உம்மா மகளைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறா. ஆண்பிள்ளையின் பல்லை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. ஆறு மாசத்தில் பல் வரிசைக்கு வந்த மாதிரித் தெரியும். கடி பொருந்தியிருக்காது, புது எலும்பு இறுகியிருக்காது. கலியாணப் படத்துக்காகக் கம்பியைக் கழற்றினால், படம் சட்டத்துக்குள் நேராக நிற்க, பல் பழைய இடத்துக்கு நடந்துவிடும். அவசரம்தான் தகுதியில்லாத ஆட்களிடமும் கொண்டுபோய் விடுகிறது. தாய்லாந்தில் ஃபேஷனுக்காகப் போலிக் கம்பி ஒட்டுவது பரவி, சட்டம் போட்டுத் தடுக்க வேண்டி வந்தது. இங்கே பல் வைத்தியம் செய்கிறவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்திருக்க வேண்டும்; கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் இல்லை. அரச வைத்தியசாலைகளில் பல் சீரமைப்பு நிபுணர் இருக்கும் பிரிவுகளில் காத்திருப்புப் பட்டியல் நீளம். ஆகவே 12, 13 வயதில், நிரந்தரப் பல் பெரும்பாலும் வந்து தாடை இன்னும் வளர்கிற காலத்தில், பெயரைப் பதிந்துவிடுவது நல்லது. வயது போனாலும் பல் நகரும். தாடை எலும்பின் வளர்ச்சியைப் பாவிக்க மட்டும் முடியாது.

கடைசியாக ரிட்டெய்னர். திரும்பக் கோணிய பற்களைப் பார்த்து ட்வீட் கவலைப்பட்டாரே, அந்தக் கவலை இன்னும் முடியவில்லை. கம்பி கழற்றின அண்டைக்கு வைத்தியர் ஒரு தட்டையோ, பல்லுக்குப் பின்னால் ஒட்டுகிற மெல்லிய கம்பியையோ தருவார். முதல் மாசங்களில் அவர் சொன்ன நேரம் முழுதும், பிறகு இரவில், வருசக் கணக்கில் போட வேண்டும். நல்ல முடிவோடு கழற்றின பல பேர் பல்லைத் திரும்பக் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். ஆகவே தொடங்க முன்னால் வைத்தியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்கு இது எதற்காக, மொத்தமாக எத்தனை மாசம், கழற்றினாப் பிறகு என்ன போட வேண்டும்? மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு வீட்டில் சொல்லுங்கள், கலியாணத் திகதியையும் பரீட்சைத் திகதியையும் அதற்கேற்றபடி பார்த்துக்கொள்ளட்டும்.